மறு: பணக்காரர்களைக் கிழிக்கும் படங்களுக்கு ஒரு சொல் – 'செருக்கங்கதம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஈட் தி ரிச்' ('பணக்காரர்களைத் தின்னு') வகைப் படங்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளை இரண்டு நாளாக வாயில் போட்டு மென்று பார்த்தேன். 'செல்வர் அங்கதம்' (அங்கதம் என்பது கேலியால் பழித்துச் சாடுவது) என்றால் செல்வரைப் பற்றிய அங்கதமா, செல்வர் எழுதிய அங்கதமா என்ற குழப்பம் வருகிறது. 'பணக்கார நையாண்டி' என்றதும் எனக்குக் காதில் மேளம்தான் கேட்கிறது, மன்னிக்கவும். 'பகடி' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது, ஒன்றைப் போலச் செய்து கேலி பண்ணுவதற்கு அதை விட்டுவிடுவோம்.

'பேராசை அங்கதம்' என்று எழுதியவருக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவேல் 1962இல் மெக்சிகோவில் எடுத்த 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' படத்தில், ஓபரா பார்த்துவிட்டு ஒரு மாளிகைக்கு விருந்துக்கு வருகிறவர்கள் எதற்கும் ஆசைப்படுவதில்லை, எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஒருவரைத் தவிர வேலையாட்கள் அத்தனை பேரும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் விருந்தாளிகளால் அந்த அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. யாரும் பூட்டவில்லை, ஆனாலும் முடியவில்லை, ஏன் என்று படம் கடைசிவரை சொல்லாது. சுவரை உடைத்துக் குழாய்த் தண்ணீர் குடித்து, வழிதவறி உள்ளே வந்த ஆட்டை அறுத்துத் தின்று, ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிற நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இதே கதைப்பொறியைத்தான் அறுபது வருடம் கழித்து ஸ்வீடன் இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்டும் இயக்கினார். 2022இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'டிரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்' படத்தின் சொகுசுக் கப்பலில் உரம் விற்றுக் கொழுத்த ரஷ்யர் இருக்கிறார், கையெறிகுண்டு விற்றுச் சம்பாதித்த வயதான தம்பதி இருக்கிறார்கள். கப்பல் மூழ்கி, பிழைத்தவர்கள் ஒதுங்கிய தீவில் மீன் பிடிக்கவும் தீ மூட்டவும் தெரிந்த ஒரே ஆள், கப்பலில் கழிவறை கழுவிய பெண். அவள் தலைவியாகிறாள். ஆகிவிட்டு என்ன செய்கிறாள்? மீனைக் காட்டி இளைஞன் ஒருவனைத் தன் படுக்கைக்கு வரவைக்கிறாள். நோய் பணத்தில் மட்டும் இல்லை, பிறர் பசி நம் கையில் இருக்கிறது என்ற மிதப்பில் இருக்கிறது. பேராசை, செல்வம் இரண்டையும் நான் தள்ளுவது இதனால்தான்.

அந்த மிதப்புக்கு நம்மிடம் 'செருக்கு' இருக்கிறது. 'செருக்கும் சினமும் சிறுமையும் இல்லார் பெருக்கம்' என்ற குறளில் செருக்குக்குப் பரிமேலழகர் மதம் என்று உரை சொல்கிறார், பெருக்கத்துக்குச் செல்வம் என்கிறார். யானைக்குப் பிடிக்கிற மதத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். செருக்கு + அங்கதம் = செருக்கங்கதம்.

இன்னொரு வசதியும் உண்டு. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் (வெளிப்படையாகப் பழிப்பது), பழிகரப்பு (பழிப்பை மறைத்துச் சொல்வது) என்று இரண்டாகப் பிரிக்கிறது. குடிபோதையில் கப்பல் ஒலிபெருக்கியில் மார்க்ஸ் பேசும் கேப்டனை வைத்த ஆஸ்ட்லண்ட் செம்பொருள், வாயே திறக்காத புனுவேல் பழிகரப்பு. என் ஓட்டு புனுவேலுக்கு, ஆஸ்ட்லண்ட் நமக்கு விளங்காமல் போய்விடுமோ என்று ரொம்பக் கவலைப்படுகிறார்.

ஒரே தயக்கம், 'செருக்கம் + கதம்' என்று பிரித்து, 'கதம்' என்றால் கோபம் என்று யாராவது படித்துவிடலாம். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது என்றாலும், முதல் சில மாதம் 'செருக்கு அங்கதம்' என்று இடைவெளி விட்டே எழுதலாமா? எங்கள் திரையிடல் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.