ஏர்பேக் விரியாத விபத்து, நஷ்டஈடு கேஸ்: உங்கள் அனுபவம் என்ன?

திண்டிவனம் மணி:
உளுந்தூர்பேட்டை தாண்டி, விடியற்காலை மூன்றரை. லைட் இல்லாமல் ரோட்டோரம் நின்ற லாரி. அத்தான் ஓட்டினார், நான் பின்சீட்டில். இடித்த சத்தம்கூட நினைவில்லை. ஸ்டீயரிங் நடுவில் அந்த ஏர்பேக் மூடி, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த வளையத்தில் அத்தானின் பல் பதிந்த தடம். கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து, "மோதின கோணம் அப்படி சார், அதான் விரியல" என்றார். தாடையில் கட்டோடு அத்தான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

பெரம்பலூர் சரவணன்:
காரின் முன்னால் இரும்புக் கம்பியில் பம்பர் கார்டு போட்டிருந்தீர்களா? 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை போட்டுவிட்டது. தெரியாமல் நானும் மாட்டியிருந்தேன். மாடு குறுக்கே வந்து இடித்ததில் ஏர்பேக் வரவில்லை, மூக்கு உடைந்தது. அடியைக் கம்பி வாங்கிக்கொண்டால் ஏர்பேக் சென்சாருக்குக் கணக்கு தப்பும்.

ராணிப்பேட்டை ரவி:
சரவணன், இங்கே அது மட்டும் காரணம் என்று சொல்லாதீர்கள். லாரிக்கு அடியில் கார் நுழைந்தால் பானட் உள்ளே போய்விடும், கண்ணாடியும் தூணும்தான் அடி வாங்கும். காரின் முன்பக்கச் சட்டகம் எதிலும் நேராக முட்டாததால் சென்சாருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதைத் தடுக்கத்தான் லாரியின் பின்னால் தடுப்புக் கம்பி. நான் இடித்த டிப்பரில் அதைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

மணி, கேஸ் இரண்டு இடத்தில். லாரியின் இன்சூரன்ஸ் மீது விபத்துத் தீர்ப்பாயத்தில். 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துக்கு ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ஏர்பேக்குக்கு நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடம். 2017-ல் நடந்த ஒரு கிரெட்டா கார் விபத்தில், வேகத்தையும் விசையையும் கணக்குப் போட அதை வாங்கியவர் இயற்பியல் நிபுணர் இல்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஏர்பேக் யூனிட்டை யாரும் கழற்ற விடாதீர்கள். லாரியின் பின்பக்கப் போட்டோ இருக்கிறதா?

கரூர் செல்வி:
அப்பா டெய்லர். வேன் இடித்து வலது கணுக்கால் மடங்காமல் போனது. மெடிக்கல் போர்டு 30 சதவீதம் ஊனம் என்று எழுதிக் கொடுத்தது. "கை நல்லாத்தானே இருக்கு, தைக்க என்ன கஷ்டம்?" என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். அப்பா வாய் திறக்கவில்லை. கூண்டில் நின்றபடியே, மெஷின் பெடலை மிதிப்பது போல வலது பாதத்தை அழுத்தினார். குதிகாலும் சேர்ந்தே தூக்கியது, பாதம் அசையவில்லை. நீதிபதி எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். சதவீதத்தை மட்டும் பார்க்காமல், செய்கிற தொழிலில் எவ்வளவு போனது என்று பார்க்கச் சொல்லி 2010-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. எங்கள் வக்கீலிடம் நாங்கள்தான் எடுத்துக் கொடுத்தோம்.

திண்டிவனம் மணி:
சரவணன், கார்டு இருந்தது. அத்தானுக்கு வாங்கி மாட்டிக் கொடுத்ததே நான்தான். ரவி, லாரி போட்டோவைப் போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று இருக்கிறது, இருட்டில் நம்பர் பிளேட் மட்டும் தெரிகிறது.