பழைய கான்பெரா விமான மாடல் கிட்: இறக்கை உடலோடு சேரவில்லை, என்ன செய்யலாம்?

பாளைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா விமானப்படையில் கான்பெரா மெக்கானிக்காக இருந்தவர். அவர் வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த, அந்த விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்று பரணில் கிடைத்தது. தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம், அதற்குள் கட்டி முடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும். பரணில் எத்தனை கோடை வெந்ததோ, ஒரு இறக்கை காய்ந்த பனையோலை மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டேன். இறக்கையை வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் மேலே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இடப்பக்கம் இடைவெளி இல்லை, ஆனால் இறக்கை அரை மில்லி உயர்ந்து படி மாதிரி நிற்கிறது. விமானி அறையின் கண்ணாடி மூடியும் உட்காரவில்லை. ஜங்ஷனில் கார் பெயிண்ட் கடையில் பட்டி வாங்கி அப்பிவிடலாமா? இன்னொரு கிட் கிடைக்காது, அதனால் கை வைக்கவே பயமாக இருக்கிறது.

பேட்டை பட்டறை:
பட்டி கடைசி வேலை அண்ணாச்சி. இடைவெளி தெரிகிற இடம் ஒன்று, அதற்குக் காரணமான இடம் வேறு. உள்ளே எங்கோ ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு இறக்கையை வரவிடாமல் தடுக்கிறது. இறக்கையில் உள்ளே போகிற நாக்கு முழுவதும் மார்க்கர் மை தடவி, ஈரம் காய்வதற்குள் சொருகி எடுத்துப் பாருங்கள், உடலில் எங்கே மை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. பழைய அச்சில் வார்த்த கிட்டில் பெரும்பாலும் அது அச்சில் கசிந்து ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பிசிறாகத்தான் இருக்கும். ஆசாரிமார் வைத்திருக்கும் பொடி அரத்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு, மறுபடி மை, மறுபடி சொருகல். பத்து தடவை ஆனாலும் ஆகட்டும். இடப்பக்கத்துப் படிக்கும் நாக்கின் கீழ்ப்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும், இறக்கையின் மேல்தோலைத் தொடாதீர்கள். வலப்பக்கம் மேலே மட்டும் இடைவெளி என்றால் இறக்கை நுனியைக் கொஞ்சம் தூக்கினாலே மூடும், ஆனால் இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

முறுக்கின இறக்கைக்குக் கொதிக்கிற தண்ணீர் ஆகாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், பின்விளிம்பு மெலிசு வேறு. கொதித்து இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய வெந்நீரில் முக்கி, நேர் வளைவுக்குக் கொஞ்சம் கூடுதலாக எதிர்ப்பக்கம் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நிமிராது.

தென்காசி சாரல்:
அவர் சொன்னதைச் செய்த பிறகும் அரை மில்லிக்கு மேல் மிஞ்சினால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டிச் சொருகி ஒட்டுங்கள், தேய்த்தால் விமானத்தோடு விமானமாகிவிடும். அதற்கும் கீழே உள்ள கீற்றுக்கு, பாகங்கள் கோத்து வரும் சட்டத்தை நறுக்கி மாடல் பசையில் ஊறவைத்தால் கூழாகும், அதுவே நல்ல பட்டி. இரண்டு மூன்று நாள் காய வேண்டும், காயும்போது சுருங்கும், இன்னொரு பூச்சு போட வேண்டிவரும். கார் பட்டியை எனக்குப் பிடிக்காது. தடியாகப் போட்டால் அதன் தின்னர் மெல்லிய பிளாஸ்டிக்கை அரிக்கும். அவசரமென்றால் ஃபெவிக்விக்கில் முகப்பவுடர் குழைத்துப் போடலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள், விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பக்கத்துப் பிளாஸ்டிக்தான் பள்ளமாகும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், பழைய கிட்டில் விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் கோடுகள் மேடாக இருக்கும், வாட்டர் பேப்பர் பட்டால் போச்சு. பேப்பர் 400 நம்பர், 800, அப்புறம் 1000. கடைசியில் ஒரு கை வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் கீற்றெல்லாம் தெரியும்.

ஆத்தங்கரை:
கண்ணாடி மூடிப் பக்கம் ஃபெவிக்விக் கொண்டுபோகாதீர்கள், ஆவி பட்டு மங்கிவிடும். மூடியின் விளிம்பைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து உட்கார வையுங்கள். ஓரத்து இடுக்குக்குச் சாதா ஃபெவிகால் போதும், ஈரத்துணியால் வழித்துவிட்டால் தேய்க்கிற வேலையே இல்லை. ஒன்று கேட்க வேண்டும்: உடலை ஒட்டும் முன் மூக்கில் எடை வைத்தீர்களா? கான்பெராவுக்கு முன்சக்கரம், எடை இல்லாவிட்டால் வாலில் உட்காரும்.

பாளைக்காரன்:
எடை வைக்கவில்லை! நல்லவேளை மூடி இன்னும் திறந்துதான் இருக்கிறது, அந்த வழியாகத் தூண்டில் ஈயக்குண்டு போட்டு ஒட்டிக்கொள்கிறேன். மை வைத்துப் பார்த்தேன், வலப்பக்கத் துளைக்குள் அரிசி மணி அளவுக்கு ஒரு பிசிறு. அதை எடுத்ததும் இறக்கை உள்ளே போய்விட்டது, நகம் நுழையாத கீற்றுதான் மிச்சம். முறுக்கு பாதி நிமிர்ந்திருக்கிறது. நாளைக்கு மறுபடி வெந்நீர்.