நம்ம வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆளுங்க யாராவது கடல் ஆராய்ச்சிக் கப்பல்ல வேலை பார்த்திருக்கீங்களா? அனுபவத்தை எழுதுங்க

காட்பாடிக்காரன்:

கேட்டவனே முதல்ல எழுதறேன். எங்களுக்கு பாலாறுன்னா கிரிக்கெட் கிரவுண்டு. "தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை"ன்னு ஊரையே கிண்டல் பண்ணுவாங்களே, அந்த ஊர்க்காரன் ஆறு வருஷம் வங்கக்கடல் தண்ணியை பாட்டில்ல புடிச்சிக்கினு இருந்தேன்னா எங்க மாமா இன்னும் நம்பறதில்ல.

சாகர் நிதி, சாகர் கன்யான்னு பேப்பர்ல படம் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி ஒரு கப்பல், பேரு வேணாம். கப்பலை ஓட்டறவங்க ஒரு பக்கம், விஞ்ஞானிங்க ஒரு பக்கம், நடுவுல டெக்னீஷியனுங்க நாங்க. டிப்ளமோ படிச்சிட்டு கான்ட்ராக்ட்ல போனேன்.

முக்கியமான வேலை சிடிடி இறக்கறது. இரும்புக் கூண்டு மாதிரி ஒரு ஃபிரேம். அடியில தண்ணியோட சூடு, உப்பு, ஆழம் அளக்கற கருவி. அதைச் சுத்தி 10 லிட்டர் புடிக்கற நிஸ்கின் பாட்டில் 12. ரெண்டு பக்கமும் மூடியைத் தொறந்து, கயித்தை இழுத்து மேல கொக்கியில மாட்டி அனுப்பணும். வின்ச் ஒயரை நொடிக்கு ஒரு மீட்டர் கணக்குல விடும். 3000 மீட்டர்னா இறங்கறதுக்கே 50 நிமிஷம். மேல வரும்போது ஒவ்வொரு ஆழத்துலயும் நிறுத்தி பட்டனை அமுக்கினா ஒரு பாட்டில் மூடிக்கும். நடுராத்திரி, காலை, மழை எதுவும் கணக்கில்ல, ஸ்டேஷன், அதாவது தண்ணி எடுக்கன்னு குறிச்சு வெச்ச இடம், வந்தா இறக்கணும்.

என் கதை ஏழாம் நம்பர் பாட்டில். ஒவ்வொரு பாட்டில் தலையிலயும் காத்துக்குன்னு ஒரு சின்ன திருகு இருக்கும். அனுப்பறதுக்கு முன்னால அதை இறுக்கணும். ராத்திரி ரெண்டு மணி, தூக்கக் கலக்கம், ஏழாவதை விட்டுட்டேன். கூண்டு மேல வந்துச்சு. சாம்பிள் எடுக்கற மேடம் திருகைத் தொடாம கீழ் குழாயை மட்டும் இழுத்துப் பார்த்தாங்க. சர்ருன்னு தண்ணி வந்துச்சு. வரக்கூடாதுங்க. ஸ்ட்ராவோட மேல் முனையை விரலால மூடினா தண்ணி இறங்காதில்ல, அதே கணக்கு. வந்துச்சுன்னா எங்கயோ தொறந்திருக்கு, 300 மீட்டர் தண்ணியில மேல் தண்ணி கலந்திருக்கலாம். அவங்க ஒரு வார்த்தை திட்டல. பேப்பர்ல ஏழுக்கு நேரா சிவப்புல ஒரு கோடு, அவ்ளோதான். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

எங்க சீனியர் ஒருத்தர், நாகப்பட்டினத்துக்காரர், மறுநாள்ல இருந்து என்னை வாய்விட்டு எண்ண வெச்சார். "ஒண்ணு மூடியாச்சு, ரெண்டு மூடியாச்சு"ன்னு ஒவ்வொரு திருகையும் தொட்டுத் தொட்டு. இப்ப வீட்ல கேஸ் ரெகுலேட்டரை மூடும்போதும் வாய் தானா முணுமுணுக்குது.

சத்துவாச்சாரி பையன்:

அண்ணா, நான் டிப்ளமோ மெக்கானிக்கல் ஃபைனல் இயர். சம்பளம் எப்படி? வாந்தி வருமா? உண்மையைச் சொல்லுங்க.

ராணிப்பேட்டை லேப் அக்கா:

தம்பிக்கு அப்புறம் சொல்றேன். அந்த ஏழாம் பாட்டிலைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. நான் பாட்டிலுக்குக் கீழ நிக்கற ஆளு.

முதல்ல ராணிப்பேட்டையில தோல் கழிவுத் தண்ணி சுத்திகரிக்கற ஒரு இடத்துல லேப்ல இருந்தேன். தண்ணியில எவ்வளவு ஆக்சிஜன் கரைஞ்சிருக்குன்னு பார்க்கறதுதான் தினம் வேலை. கண்ணாடி பாட்டில்ல தண்ணியை நிரப்பி ரெண்டு மருந்து விடணும். ஆக்சிஜன் இருந்தா டீத்தூள் கலர்ல கசடு இறங்கும். இல்லைன்னா வெள்ளையாவே நிக்கும். உள்ள வர்ற கழிவுத் தண்ணியில நான் பார்த்ததெல்லாம் வெள்ளைதான்.

அப்புறம் ஒரு புராஜெக்ட்ல கப்பலுக்குப் போனேன். அம்மா அழுதாங்க. மொத்தக் கப்பல்ல பொம்பளைங்க நாங்க மூணு பேர். கூண்டு டெக்குக்கு வந்ததும் முதல் ஆள் நான்தான், ஏன்னா ஆக்சிஜன் சாம்பிளைத்தான் முதல்ல எடுக்கணும், லேட் ஆனா வெளிக்காத்து கலந்துடும். ரப்பர் டியூபை பாட்டில் அடிவரைக்கும் விட்டு, ஒரு குமிழ் கூட இல்லாம, வழிய வழிய விடணும். கை மரத்துப் போகும், ஆழத்துத் தண்ணி அவ்வளவு சில்லுனு இருக்கும். வேலூர் வெயில்ல வளர்ந்தவளுக்கு அது சுகம்.

மேல் தண்ணிக்கு மருந்து விட்டேன், டீத்தூள் கலர். 50 மீட்டர், அதுவும் அப்படித்தான். 300 மீட்டர் பாட்டில், வெள்ளை! தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சு இன்னொண்ணு எடுத்தேன். அதுவும் வெள்ளை. பக்கத்துல இருந்த சார் சிரிச்சார். வங்கக்கடல்ல 100 மீட்டருக்குக் கீழ சில நூறு மீட்டர் கனத்துக்கு ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத ஒரு அடுக்கு இருக்காம். மேல இருந்து செத்து விழறதெல்லாம் அங்க மக்கறதுல ஆக்சிஜன் தீந்துபோகுது. மேல ஆத்துத் தண்ணி கலந்து லேசா மிதக்கறதால கீழ காத்து போய்ச் சேர்றதும் கம்மி. நடுக்கடல்ல, கண்ணாடி மாதிரி இருக்கற தண்ணியில, நம்ம ராணிப்பேட்டை வெள்ளை. அன்னிக்கு ரொம்ப நேரம் அந்த பாட்டிலையே பார்த்துக்கினு இருந்தேன்.

தம்பி, வாந்தி வரும். எனக்கு மூணு நாள். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கினே ப்யூரெட்டை, அதான் மருந்தை அளந்து விடற கோடு போட்ட கண்ணாடிக் குழாயைப் புடிச்சிருக்கேன், கப்பல் ஆடும்போது உள்ள இருக்கற மருந்து மட்டம் மேலயும் கீழயும் போகும், நடு அசைவைப் புடிச்சுப் படிக்கணும்.

ஆற்காடு மக்கன்பேடா:

நான் மிதவை வேலைக்குப் போனவன். கடல் நடுவுல பெரிய மஞ்சள் மிதவை, 3000 மீட்டருக்கும் மேல ஆழத்துல நங்கூரம். காத்து, அலை, தண்ணி சூடு எல்லாத்தையும் சாட்டிலைட் வழியா அனுப்பும். ஒண்ணுல சேதி வர்றது நின்னுபோச்சுன்னு போனோம். பார்த்தா ஒரு காசிமேட்டு போட் அதுல கயிறு கட்டி நின்னுக்கினு இருக்கு. ஆன்டெனா கம்பி வளைஞ்சிருக்கு.

எங்க ஆளுங்களுக்குக் கோவம். மீனவர் ஒருத்தர், அப்பா வயசு, சாதாரணமா சொன்னார்: "இதுங்கீழ மீனு அடையுது சார். நிழலு. யாரோ வுட்டுட்டுப் போன பீப்பான்னு நெனச்சோம்." எழுதியிருந்த எழுத்தெல்லாம் பாசியில மறைஞ்சு கெடந்துச்சு, அவரை இன்னா சொல்றது?

"புயல் வருதுன்னு சொல்றாங்களே ஐயா, அந்தக் கணக்குக்கு இதுவும் சேதி அனுப்புது"ன்னேன். அவர் கயித்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"ன்னார். அவரே அவுத்தார். போகும்போது ரெண்டு சூரை மீன் தூக்கிப் போட்டார், நாங்க தண்ணி கேன் குடுத்தோம்.

அப்புறம் மிதவையை டெக்குக்கு ஏத்தி, அடியில ஒட்டியிருந்த சிப்பிங்களை மூணு பேர் ஒருநாள் முழுக்க சுரண்டினோம். அந்த நாத்தம் சட்டையை விட்டுப் போகவே இல்ல, கடல்லயே போட்டிருக்கணும்.

காட்பாடிக்காரன்:

சத்துவாச்சாரி தம்பி, கான்ட்ராக்ட்னா சம்பளம் சுமார்தான், கப்பல் வேலைன்னதும் மெர்ச்சன்ட் நேவி கணக்கு போடாத. பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தோட விளம்பரங்களைப் பார்த்துக்கினு இரு, கோவாவுல இருக்கற கடலியல் நிறுவனத்தையும். ஹைட்ராலிக்ஸ் பாடத்தை ஒழுங்கா படி, வின்ச் பூரா அதுதான்.

குடியாத்தம் தங்கச்சி:

நான் போகல, எங்க அண்ணன் போனான். பொண்ணு பார்க்கப் போன இடத்துல "பையன் கப்பல்ல"ன்னதும் அவங்க முகம் மலர்ந்துச்சு. "இன்னா வேலை?"ன்னாங்க. "தண்ணி மொள்றது"ன்னுட்டான் இந்த லூசு. அந்த இடம் போச்சு.

ஒருதடவை தெர்மகோல் கப் ஒண்ணுல மார்க்கரால அம்மா பேரு எழுதி, வலைப்பையில போட்டு அந்தக் கூண்டுல கட்டி 3000 மீட்டருக்கு அனுப்பினானாம். மேல வரும்போது கட்டைவிரல் உசரத்துக்கு சுருங்கிப்போச்சு. கீழ அழுத்தம் இங்க மாதிரி 300 மடங்காம். எழுத்தும் அதோட சேர்ந்து சின்னதாகி, அச்சடிச்ச மாதிரி இருக்கு. அம்மா கையில வாங்கி, "ரெண்டு மாசம் போய் இதையாடா கொண்டாந்த?"ன்னாங்க.

இப்ப சாமி மாடத்துல குங்குமம் அதுலதான் இருக்கு.