வீட்டுக்காரர் லடாக்கில், வாய்தா கடலூரில்

கேள்வி: நெல்லிக்குப்பம் பக்கம் எங்க கரும்புக் கொல்லை. பங்காளி வரப்பை வெட்டி ஒரு முழம் உள்ளே வந்துட்டு, அவரே கடலூர் முன்சீப் கோர்ட்டுல கேஸும் போட்டுட்டார். சம்மன் வீட்டுக்காரர் பேருக்கு. அவர் ராணுவத்துல லடாக்ல இருக்கார், லீவு கிடைக்கல. அவருக்குப் பதிலா நான் நிக்கலாமா? மாமனார் பாடுபட்டு வாங்கின நிலம், விடமாட்டேன்.

பதில் (ஓய்வுபெற்ற சுபேதார்): தாராளமா நிக்கலாம்மா. சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 28 இதுக்குன்னே இருக்கு. உங்களுக்கு அதிகாரம் தர்றதா அவர் எழுதி, கமாண்டிங் ஆபீசர் முன்னால கையெழுத்துப் போடணும். ஆபீசரும் மேலொப்பம் போடணும். அந்த ரெண்டு கையெழுத்தும் இல்லாத சாதாரண கடுதாசி செல்லாது. பின்னால லீவு கிடைச்சா, 1950 ராணுவச் சட்டம் 32-வது பிரிவுப்படி லீவு சான்றிதழ் காட்டி, கூடுமானவரை அதுக்குள்ள வழக்கை முடிக்கக் கேட்கலாம்.

பதில்: வாய்தாவைத் தவறவிடாதீங்க அக்கா, எக்ஸ்பார்ட்டி ஆயிடும், அதாவது உங்க தரப்பைக் கேக்காமலே தீர்ப்பு ஆயிடலாம். அவரோட அதிகாரக் கடிதம் வர்றதுக்குள்ள வக்கீல் மூலமா அவகாசம் கேளுங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க ஐயா. ராத்திரி அவர் போன் பண்ணும்போது ஆர்டர் 28-ஐச் சொல்லிடறேன்.