ஆட்டிசம், கணக்கு வேலை, குவியும் மேசை: நீடிக்கிற முறை எது?

தென்றல்27:
எனக்கு ஆட்டிசம் உண்டு. தணிக்கை அலுவலகத்தில் வேலை. டேலி கணக்கு மென்பொருளில் பதிவு போடுவதில் தவறு வராது. மற்றதெல்லாம்தான் சிதறுகிறது: மேசையில் பில் குவியல், வாயால் சொன்ன மூன்று வேலைகளில் இரண்டு மறந்துபோகும், நடுவில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடம் பிடிபடாது. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் கெடு, அதாவது 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரிக் கணக்கு) நெருங்கும்போது இன்னும் மோசம். டைரி, ஆப், கலர் ஒட்டுத்தாள் எல்லாம் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வேறு என்ன செய்யலாம்?

மருதமரம்:
அவை நின்றுபோனதற்குக் காரணம் சோம்பல் இல்லை. ஏழு கலர் வைத்தால் எந்தக் கலர் எதற்கு என்று ஒவ்வொரு தாளுக்கும் யோசிக்க வேண்டும். தாளை வைக்கும்போது முடிவெடுக்கத் தேவையில்லாத முறைதான் நிற்கும்.

மூடிய இழுப்பறை வேண்டாம். கண்ணில் படாதது நினைவிலும் இருக்காது. திறந்த ட்ரே மூன்று போதும்: ‘வந்தது’, ‘கையில்’, ‘காத்திருப்பு’. ‘கையில்’ ட்ரேயில் ஒரே ஒரு கட்சிக்காரரின் ஃபைல்தான் இருக்கலாம். இதில் விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டும் வீண். ‘காத்திருப்பு’க்குப் போகும் தாளின் மேல் யாரிடமிருந்து என்ன வர வேண்டும், எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். தேதி இல்லாத தாள் அங்கேயே கிடந்துவிடும்.

‘வந்தது’ ஒருநாள் வழியத்தான் செய்யும். அன்று முழுவதையும் பிரிக்க உட்காராதீர்கள். அப்படியே ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதிவிட்டு, காலி ட்ரேயோடு தொடங்குங்கள். பழைய கவரிலிருந்து நாளுக்குப் பத்துத் தாள். ஆனால் கெடு இருக்கும் தாளை மட்டும் கவரில் போடும்முன் எடுத்துவிடுங்கள்.

கரிசல்_காடு:
ட்ரே சரி, ஆனா பெரிய இழப்பு வேலை மாறும்போதுதான். யாராவது கூப்பிட்டா எழுந்திருக்கும் முன்னாடி ஒரு வரி எழுதுங்க. ‘ஜூன் கணக்கு’ன்னு எழுதினா திரும்பி வந்து மறுபடி முதல்ல இருந்து யோசிக்கணும். ‘ஜூன் கொள்முதல், 47ஆம் பில்லில் இருந்து பதிவு போடு’ன்னு இருந்தா உட்கார்ந்ததும் கை ஓடும். அந்தச் சீட்டு கீபோர்டு மேலேயே இருக்கணும்.

அலாரம் ரெண்டு வைங்க. முதல்ல அடிக்கிறது ‘இந்த வேலையை மூடு’, பத்து நிமிஷம் கழிச்சு அடிக்கிறது ‘அடுத்ததுக்குப் போ’. ஒரே அலாரம்னா ஆழ்ந்து இருக்கும்போது கை தானா அணைச்சிடும்.

கெடுவைப் பின்னாலிருந்து எண்ணுங்க. 2பி, அதாவது விற்றவங்க காட்டின பில்லோட ஜிஎஸ்டி பட்டியல், 14ஆம் தேதி வந்துடும், அன்னைக்கே இறக்கி 16க்குள்ள கொள்முதல் பதிவோட ஒப்பிட்டு, 17ல வித்தியாசப் பட்டியல் அனுப்பிடணும். காலண்டர்ல 20ஐ மட்டும் வட்டம் போட்டா 19 வரைக்கும் அது இல்லாத மாதிரியே இருக்கும்.

தென்றல்27:
முதலாளி எழுதித் தரமாட்டார். நடந்துகொண்டே சொல்வார்.

கரிசல்_காடு:
அவர் எழுத வேண்டாம், நீங்க எழுதுங்க. அவர் போனதும் வாட்ஸ்அப்ல ‘சார், 1. இது, 2. இது, 3. இது. முதல்ல 2ஐ முடிக்கிறேன். சரியா?’ வரிசையை நீங்களே சொல்லிடுங்க. ‘எது முதல்ல?’ன்னு கேட்டா ‘எல்லாம்தான்’னு பதில் வரும்.

நீரோட்டம்:
ஒன்று விட்டுப்போகிறது. டிஎஸ்எம் என்பது மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வரையறைக் கையேடு. 2013இல் அதன் ஐந்தாம் பதிப்பு (டிஎஸ்எம்-5) வரும்வரை அந்த வரையறைப்படி ஆட்டிசத்தோடு ஏடிஎச்டியையும் (கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு) சேர்த்துக் கணிக்க இடமில்லை. அதற்கு முன் கணிப்புப் பெற்றவர் என்றால் மனநல மருத்துவரிடம் ஒருமுறை கேட்பது அவசியம். ஏடிஎச்டி இருந்தால் அதற்கு மருந்தும் உண்டு.

சட்டப்பக்கம்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. ஆனால் நியாயமான வசதி செய்து தரச் சொல்லும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே நேராகக் கட்டுப்படுத்துகிறது. தனியாரிலும் சம வாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும்; 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால் அதற்கான தொடர்பு அலுவலரும் வேண்டும். சின்ன அலுவலகம் என்றால் பேசித்தான் வாங்க வேண்டும். ‘எனக்குச் சிரமம்’ என்று பொதுவாகக் கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும். ‘12ஆம் தேதி முதல் 20ஆம் தேதி வரை காலை 10 முதல் 12 வரை போன் எடுக்கமாட்டேன், 12 மணிக்கு எல்லோரையும் திரும்பக் கூப்பிடுகிறேன்’ என்று கேளுங்கள். கணக்கு நேரத்துக்கு முடிவது முதலாளிக்கும் தேவை, ஒத்துக்கொள்வார்.