புதுப்பிப்பு: பைபாஸுக்குப் பின் தாறுமாறான துடிப்பு, நாடி பார்ப்பதில் ஒரு திருத்தம்

பைபாஸ் முடிந்து 2 முதல் 4ஆம் நாளுக்குள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) வருவது சகஜம், பெரும்பாலும் பைபாஸில் ஒட்டிய ரத்தக்குழாய் அடைத்ததால் அல்ல என்று முன்பு எழுதியிருந்தோம். ஆனால் நாடியை 15 விநாடி எண்ணி 4ஆல் பெருக்கச் சொன்னது தவறு. இதில் துடிப்பு தடதடவென்று மூன்று விழும், ஒன்று விட்டுப்போகும், அடுத்தது விரலுக்கே எட்டாது. முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். ஆள்காட்டி, நடுவிரல்தான், கட்டைவிரல் வேண்டாம். டிஜிட்டல் பிபி மெஷின் காட்டும் துடிப்பு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஈசிஜிதான் உறுதி.

மன்னார்குடியிலிருந்து ஒருவர், இளநீர் தினமும் கொடுக்கலாமா என்று கேட்டார். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால் இந்தத் தாறுமாறான துடிப்பு கிளம்பும், உண்மைதான். ஆனால் கிரியாட்டினின் கூடியவருக்கும் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்), ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் என்ற பிபி, இதய மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும் பொட்டாசியம் எகிறிவிடும். அது இன்னும் ஆபத்து. முதலில் ரத்தப் பரிசோதனை.

ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் எழுதியிருந்தால், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) பொதுவாக 2 முதல் 3 இருக்க வேண்டும். கூடவே துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் இருந்தால் ஐஎன்ஆர் மெல்ல மெல்ல ஏறும். அமியோடரோனை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே இருக்கிறதே என்று முருங்கைக்கீரையை விலக்க வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு போதும். துடிப்பு வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலைத் தானாக நிறுத்தவே கூடாது, துடிப்பு மறுபடி கலையும்.

உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல், மூச்சிரைப்பு, மயக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல்: தஞ்சாவூருக்குக் காலைப் பஸ் பார்த்துக் காத்திராமல் உடனே 108.