ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா: டெய்லர் வேகம் கூட எதில் காசு போடலாம்?

பனியன்_யூனிட்:
திருப்பூரில் 30 மெஷின் யூனிட். ரவுண்ட் நெக் டி-ஷர்ட், ஸ்டைலுக்கு 8,000 பீஸ் வரை ஆர்டர். எல்லோருக்கும் ஷிப்ட் சம்பளம்தான். லைன் எஃபிஷியன்சி 60 சதவீதத்தைத் தாண்ட மாட்டேங்குது. பீஸ் ரேட்டுக்கு மாறலாமா, அட்டெண்டன்ஸ் போனஸ் போதுமா? தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆள் நின்றுவிடுவது இன்னொரு தலைவலி.

சாம்_கணக்கு:
மாறலாம்ங்க, ஆனால் ரேட்டை மனக்கணக்கில் போடாதீங்க. ஷிப்ட் 480 நிமிடம். 60% என்றால் டெய்லர் தைத்துக் கொடுப்பது 288 ஸ்டாண்டர்டு நிமிட (வேலைக்கு என்று குறித்த நேரப்படி) வேலை. ஷிப்ட் சம்பளம் 576 ரூபாய் என்று வைத்தால், ஒரு ஸ்டாண்டர்டு நிமிடத்துக்கு 2 ரூபாய். டி-ஷர்ட்டுக்குக் கை ஏற்றும் ஆபரேஷனின் சாம் (ஒரு பீஸுக்குக் குறித்த ஸ்டாண்டர்டு நிமிடம்) 0.50 என்றால் பீஸுக்கு 1 ரூபாய். அதே ஆள் 75 சதவீதத்துக்குப் போனால் 720 பீஸ், 720 ரூபாய். உங்களுக்குப் பீஸுக்கான தையல் கூலி ஏறவில்லை; வாடகை, கரண்ட், சூப்பர்வைசர் செலவு அதிகப் பீஸில் பரவுகிறது. லாபம் அங்கேதான்.

கெடுவது எங்கே என்றால், அந்த 720-ஐப் பார்த்த முதலாளி அடுத்த வாரம் ரேட்டை 85 பைசா ஆக்கும்போது. அதற்குப் பிறகு யாரும் முழு வேகம் காட்ட மாட்டார்கள். எல்லோரும் பேசி வைத்ததுபோல 580-இல் நிற்பார்கள். ஸ்டைல் முடியும்வரை ரேட்டைத் தொடக்கூடாது. ஃபோல்டரோ (துணியை மடித்துக் கொடுக்கும் மெஷின் பாகம்) மெஷினோ மாறினால் மட்டும் டைம் ஸ்டடி (வேலை நேரத்தை அளப்பது) எடுத்து, காரணத்தைச் சொல்லி மாற்றுங்கள்.

புது ஸ்டைலின் முதல் இரண்டு நாளுக்கு ஷிப்ட் சம்பளமே கொடுங்கள், கை பழக வேண்டும். ரெண்டு நாளில் முடிகிற குட்டி ஆர்டருக்குப் பீஸ் ரேட்டே வேண்டாம்.

ஓவர்லாக்_5:
சாம் அண்ணா சொன்னதோடு, காத்திருக்கும் நேரத்தையும் பாருங்க. கட்டிங் வரவில்லை, லேபிள் வரவில்லை, மெஷின் ரிப்பேர்: இதெல்லாம் டெய்லர் கையில் இல்லை. அந்த நிமிடங்களை லைன் ஷீட்டில் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தோடு ஷிப்ட் ரேட்டில் (உங்க கணக்கில் நிமிடத்துக்கு 1.20) கொடுக்கணும். இல்லையென்றால் பண்டலை (வெட்டிய துணிக் கட்டை) பதுக்குவதும் சுலபமான ஆபரேஷனுக்குச் சண்டையும் ஆரம்பிக்கும்.

ஆல்ட்ரேஷன் (தப்பான பீஸைத் திருத்துவது): ஸ்டிச் விட்டது, சுருக்கம், தையல் தப்பியது போன்றவை அதே டெய்லருக்கே திரும்பணும், கூலி இல்லாமல். துணியில் ஓட்டை, கட்டிங் அளவு பிசகு அவர் தலையில் ஏறக்கூடாது. இதற்கு பண்டல் டிக்கெட்டில் டெய்லரின் டோக்கன் நம்பர் கட்டாயம்.

ரேட்_ஆய்வு:
அமெரிக்காவில் கார் கண்ணாடி மாட்டும் சேஃப்லைட் நிறுவனம் 1994-95-இல் மணிக்கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியதைப் பொருளாதார நிபுணர் எட்வர்ட் லேசியர் ஆராய்ந்தார். ஆளுக்கு உற்பத்தி சுமார் 44% ஏறியது. அதில் பாதிதான் இருந்த ஆட்களே வேகம் கூட்டியது. மீதி பெரும்பாலும் வேகமானவர்கள் தங்கியதாலும், வந்து சேர்ந்ததாலும். பழைய மணிக்கூலிக்குக் குறையாது என்ற உத்தரவாதமும் இருந்தது. அதை விட்டுவிட்டு 44-ஐ மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய.

சம்பளம் அதிருப்தியைத்தான் குறைக்கும், ஊக்கம் தராது என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கை இழுப்பவர்களும் உண்டு. அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பகுதியின் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும். தையல் லைனுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பனியன்_யூனிட்:
சரிங்க. கைமடி ஆட்களுக்கு (டெய்லருக்குப் பீஸ் எடுத்துக் கொடுக்கும் உதவியாட்கள்) என்ன செய்வது? அவர்களுக்குப் பீஸ் கணக்கு வராதே.

ஓவர்லாக்_5:
லைன் மொத்த எஃபிஷியன்சியில் பங்கு. 60-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 5 சதவீதத்துக்கும் ஷிப்ட்டுக்கு ஒரு நிலையான தொகை. ஒன்றும் கொடுக்காவிட்டால் பண்டல் மெதுவாகத்தான் நகரும், டெய்லர் வேகம் வீண்.

சம்பளப்_பட்டியல்:
பீஸ் ரேட் ஆளுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. மெதுவான நாளில் வித்தியாசத்தை நீங்கள் போட்டே ஆகணும். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு.

தீபாவளி போனஸை ஆளைப் பிடிக்கும் தூண்டிலாகக் கருதாதீங்க. சட்டப்படியான 8.33%, தகுதி வரம்புக்குள் சம்பளம் வாங்கி அந்தக் கணக்காண்டில் 30 நாள் வேலை செய்தவருக்குச் சேரவேண்டியது, நின்றுபோனாலும். பிடித்து வைக்கணும் என்றால் தனி ஊக்கத்தொகையைப் பொங்கலுக்குப் பிறகு, இரண்டு தவணையாகக் கொடுங்கள்.

அட்டெண்டன்ஸ் போனஸை மாதக் கணக்கில் வைத்தால், 3-ஆம் தேதி ஒரு நாள் லீவு போட்டவருக்கு மீதி மாதம் முழுக்க அதில் ஒன்றும் இல்லை. வாரக் கணக்காக வைத்து, சனிக்கிழமை கூலியோடே கொடுத்துவிடுங்கள்.